லட்சம் பேரின் சாக்கடை

அறையில் நான்கு பேர்: நாவல் எழுதிய நான், அக்கா, குழாய் வேலை பார்க்கும் அவள் கணவர், கையெழுத்துப் பிரதியை வாங்க வந்திருக்கும் பதிப்பகத்துக்காரர். மேசையில் என் கற்பனை நகரத்தின் வரைபடம் கிடக்கிறது. ஜன்னல் வெயில் அதன் கோபுரங்கள் மேல் விழுகிறது. மாமாவின் தடித்த விரல் தெருத்தெருவாக ஊர்ந்து நிற்கிறது. "லட்சம் பேர் இருக்காங்களே, சாக்கடை எங்க போகுது மாப்ள?" "ஏரிக்குத்தான் மாமா." "அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் உன் ராணி நூறு வயசு வரைக்கும் இருக்காளா?" அக்கா சிரிப்பை அடக்குகிறாள். "கதைதானே சார், யாரு பாக்கப் போறா? இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான் அச்சுக்குப் போகும்," என்று பதிப்பகத்துக்காரர் கை நீட்டுகிறார். மாமா பார்த்துவிட்டார், இனி எனக்கும் அந்த ஏரி நாறும். காகிதக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொள்கிறேன். பதிப்பகத்துக்காரர் வெறுங்கையோடு வெளியேறுகிறார். அக்கா கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.