இடது கை ரத்தம்

நைனாவின் காமாலை நம்பர் இறங்கியிருந்தது.

வார்டுக்கு வெளியே நின்றிருந்த என் கணவர் பிரகாஷ், போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நேற்று இருபத்துநாலு, இன்றைக்குப் பதினாறு. அவர் இப்படிப் பல் தெரியச் சிரித்துப் பல நாளாகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று சாயங்காலம் பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். காலையில் எடுக்கும் ரத்தத்தில் நம்பர்கள் ஏறினால் நைனாவின் கல்லீரல் இனித் தேறாது, உடனே ஆபரேஷன். மகளான என் கல்லீரலில் பெரும்பகுதியை வெட்டி அவருக்கு வைப்பார்கள். இறங்கினால் அதுவாகவே தேறுகிறது என்று அர்த்தம். யாரையும் வெட்ட வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம்.

தேறாத கல்லீரலோடு பொறுத்துப் பார்த்தால், பிறகு ஆபரேஷன் செய்ய நைனாவே இருக்கமாட்டார் என்பதையும் சொல்லியிருந்தார்.

பிரகாஷ் அதற்குள் ஊருக்குப் போன் போட்டு, ஆபரேஷன் இல்லை என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார்.

சொல்லாமல் இருப்பாரா? என் வயிற்றில் கத்தி படக்கூடாது என்று என் மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார். கைக்குழந்தைக்காரியை அறுக்கக் கொடுப்பதா என்று ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. பிரகாஷும் சம்மதக் கையெழுத்தை அரை மனதோடுதான் போட்டார்.

போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில், லேபில் எனக்கு வேலை. பாட்டிலில் வருகிற எந்தத் தண்ணீரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நிஜமாகவே சுத்தம் செய்த தண்ணீரில் குரோமியம் இறங்கும், உப்பு லேசில் இறங்காது. எல்லாமே சொல்லிவைத்தாற்போல ஒரே அளவுக்கு இறங்கியிருந்தால், எவனோ நல்ல தண்ணீரைக் கலந்திருக்கிறான்.

நைனாவின் ரிப்போர்ட்டில் எல்லாமே இறங்கியிருந்தது. காமாலை மூன்றில் ஒரு பங்கு குறைவு. கிட்னி நம்பரும் மூன்றில் ஒரு பங்கு. சந்தோஷம்தான். ஆனால் ஹீமோகுளோபினும் அதே மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடம்பு தேறுகிறவருக்கு, ஒரு சொட்டு வெளியே போகாமல், ஒரே ராத்திரியில் ரத்தம் எப்படிக் குறையும்? ரத்தம் உறைகிற ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"ரத்தம் எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

நான் கேட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"மாமா டீ வாங்கினு வரச் சொன்னாரு, கீழ போய்ட்டேன். இன்னா குழலி, போலீஸ்காரன் மாதிரி கேக்கற?"

நைனா இரண்டு நாளாக வாயில் எதையும் வைப்பதில்லை. தண்ணீரையே வேண்டாம் என்று தள்ளுகிறவர் டீ கேட்டாராம். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என் நைனாவைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறாரா இந்த மனிதர்? யாரைப் பிடித்து என்ன செய்தார் என்பதுதான் தெரிய வேண்டும்.

அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

நைனா விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண் நேற்றைவிட மஞ்சள். நம்பர் இறங்கிய ஆளின் கண் இல்லை அது. இடது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையில் நேற்று ஒட்டிய பிளாஸ்திரி ஓரம் பிரிந்து கிடந்தது. இன்றைக்கு ஒட்டிய பஞ்சைத் தேடினேன். அங்கே இல்லை.

போர்வையை விலக்கினேன். இடது முழங்கை மடிப்பில் இருந்தது, சலைன் ஊசிக்கு நாலு விரல் மேலே.

சலைன் ஏறுகிற கையில் எடுத்தால் ரத்தத்தோடு சலைனும் சேர்ந்து வரும். முந்தாநாள்கூட ஒரு சிஸ்டர் அதை நைனாவிடம் சொல்லிக்கொண்டேதான், வலது கையில் நரம்பு கிடைக்காமல் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு நைனா இந்தக் கையில எடுக்கச் சொன்னது? அவரா?"

நைனா வாசல் பக்கம் பார்த்தார். பிரகாஷ் ஆறிப்போன டீயோடு அங்கே நின்றிருந்தார். பிறகு நைனா என்னைப் பார்த்தார். சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரத்தம் எடுக்க வந்தது புது சிஸ்டர் பொண்ணும்மா. அந்தக் கை வலிக்குது, இதுல எடுன்னேன். பாவம், நம்பிடுச்சி. எங்க டேனரில ஆபீசர் சாம்பிள் எடுக்க வர்ற அன்னிக்கி, கழிவுத் தொட்டில போர்வெல் தண்ணிய தொறந்து வுடறதே நான்தான். அத்தினி வருஷத்துல ஒருத்தருக்கும் தெரியல. உனுக்குத் தெரிஞ்சிடிச்சே."

பிரகாஷை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை.

சிஸ்டரைக் கூப்பிட்டு, இந்த ரிப்போர்ட் வேண்டாம், வலது கையில் திரும்ப எடுங்கள் என்றேன். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நைனா வலது கையை மெல்ல இழுத்து, முதுகுக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துக்கொண்டார்.