தலைமாட்டு விளக்கு

ரசாயனக் கிடங்குக்குப் புதிதாக வந்த கரைப்பானை மூடிய கிண்ணத்தில் மெல்லச் சூடேற்றி, நகக்கண் அளவு சுடரைப் பூங்கோதை உள்ளே காட்டினாள். ஐம்பத்திரண்டு டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றி நீலமாகப் பளிச்சிட்டது. வெளியே வெயில் அதை ஒரு டிகிரி தாண்டியிருந்தது. அவள் அந்த வெப்ப எண்ணைப் பதிந்ததும் கிடங்கைச் சுற்றியிருந்த தெருக்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை எந்த வீட்டிலும் நெருப்பு மூட்டக்கூடாது.

சற்று நேரத்தில் கணவன் இளம்பரிதி போனில் கூப்பிட்டான்.

"அப்பா போயிட்டாரு. தலைமாட்டுல விளக்கேத்த முடியல. அந்த நம்பர ரெண்டு டிகிரி கூட்டிப் போடேன்."

"போட்டா ஊரே அடுப்பு பத்தவைக்கும்," என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

வீட்டில் உறவினர்கள் விலகி வழிவிட்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமனாரின் தலைமாட்டில் எண்ணெயில் ஊறிய திரி கருகாமல் வெள்ளையாகக் கிடந்தது. யாரோ வைத்த பேட்டரி விளக்கை மாமியார் மூலையில் தூக்கி எறிந்திருந்தார். அவர் எழுந்து வந்து பூங்கோதையின் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"இன்னிக்கு இந்த ஊர்ல நெருப்பு ஏத்துன கை இது ஒண்ணுதான்," என்றார். "மாமா தலைமாட்டுல உக்காரு. எடுக்குற வரைக்கும் எந்திரிக்காத."