டிக்கியில் ஒரு டப்பா

“என்னண்ணா யோசிக்கிறே? அவரு ஆசைப்படறாரு, மாட்டிக் குடுத்துடேன்!”

கார் எலக்ட்ரீஷியனான அண்ணனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சி புருஷன் கையில் பளபளவென்று ஃபிளாஸ்க் மாதிரி ஒரு கெப்பாசிட்டர். பாட்டு ‘தும் தும்’ என்று அதிரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதாம், இதை மாட்டினால் மங்காதாம். எவனோ தலையில் கட்டியிருக்கிறான், இந்த அறிவுக்கொழுந்தும் வாங்கி வந்துவிட்டது.

அண்ணன் பெல் அடித்தபோது கதவைத் திறக்க அத்தனை நேரம் எடுத்த தங்கச்சி, புருஷன் கார் வந்து நிற்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

“மாப்பிள்ளை, இது வெறும் ஷோ. இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டருக்கே மூச்சு வாங்குது, இந்த டப்பா என்னத்தைக் கிழிக்கும்? சத்தத்தைப் பாதியாக் குறைங்க, லைட் தானா சரியாயிடும்.”

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. “அப்ப குறைச்சுட வேண்டியதுதானா?”

“ஐயையோ, வேண்டாங்க!” தங்கச்சி பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள். “சத்தம் இல்லாட்டா அது என்னங்க காரு? பெருசாவே இருக்கட்டும்.”

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்தீங்களா மச்சான்? படிச்சது போதும்னு பாதியில நிறுத்திக் கூட்டிட்டு வந்தேன். இவளுக்கே புரியுது, உங்களுக்குப் புரியலையே!”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்து, டப்பாவை மாட்டித் தொலைத்தான். மாப்பிள்ளை பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஒரு சுற்று கிளம்பினான். இருட்டத் தொடங்கிய தெருவில் ஹெட்லைட் பழையபடியே மங்கி மங்கி எரிந்தது. ஓட்டுகிற மகாராஜா அதையெல்லாம் பார்த்தால்தானே.

“பாத்தியா லட்சணத்தை? அவன்தான் முட்டாள்னா, உனக்குமா புத்தி மழுங்கிப்போச்சு? புருஷனுக்கு இப்படியா ஜால்ரா போடுவே? த்தூ!”

தங்கச்சி ‘தும் தும்’ சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“சத்தத்தைக் குறைச்சுட்டா, அவரு உள்ள வர்றதுக்குள்ள என் பரீட்சைப் புத்தகத்தை எப்படிண்ணா ஒளிச்சு வைப்பேன்?”