லிஸ்ட்டில் இல்லாத ஆள்

"ஷிபின் எண்டு ஒருத்தரும் இஞ்ச வேலை செய்யேல்லை எண்டு ஒரு வரி எழுதி ஃபேக்ஸ் அடிச்சு விடுங்கோ அண்ணை. கலாஸ், அலுவல் முடிஞ்சுது."

ஸ்டோர்கீப்பர் தயாபரன் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

டைம்கீப்பர் யேசுதாசன் மூன்று நாளாக மேசை இழுப்பறைக்குள் கிடந்த கடிதத்தை மறுபடியும் வெளியே எடுத்தார். நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீல் அவர் பெயருக்கே அனுப்பியது. ஷிபின் என்பவர் உங்கள் கம்பெனியில் வேலை செய்கிறாரா, மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தெரிவிக்கவும். நாலு வயதுப் பெண் குழந்தைக்காக மனைவி லிஜி போட்டிருக்கும் ஜீவனாம்ச வழக்கு, வெள்ளிக்கிழமை விசாரணை.

இன்று வியாழன்.

"பொய்யா எழுதச் சொல்லுதிய?" என்றார் யேசுதாசன்.

"இதில என்ன பொய்? அவன் எங்கட கம்பெனி ஆளே இல்லை. சப்ளை ஆள். உங்கட லிஸ்ட்டில அவன்ர பேர் இருக்கோ?"

இல்லைதான். துபாயின் அந்த ஜெபல் அலி யார்டில், கான்ட்ராக்டர் கொண்டுவந்து விடும் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான். 'சப்ளை வெல்டர் பதினாலு' என்று யேசுதாசனே தினமும் காலையில் எழுதுவார். மூன்று வருடமாக அந்தப் பதினாலில் ஒருவன் ஷிபின்.

யேசுதாசன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

'இருக்கிறான்' என்று கம்பெனி தாளில் எழுதினால் மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்காது. கோர்ட்டு, கேஸ் என்றால் சப்ளை ஆளை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். வேலையே போனபிறகு பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

'இல்லை' என்று எழுதினால்?

அப்போதும் கிடைக்காது. ஷிபின் தானாகக் கொடுக்கிற ஆளா? ஊரில் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று யார் கேட்டாலும், "அது கலாஸ் அண்ணா" என்று கையை உதறிவிட்டுப் போகிறவன்.

"என்ன அண்ணை, நடந்து நடந்து தரை தேயப் போகுது," என்றார் தயாபரன். "அவளுக்கு அங்க தாய் தகப்பன் இருக்கினம். இவனுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? ஊர்க்காரர் நீங்களே காட்டிக் குடுக்கப் போறியளோ? உங்கட பைபிளில அதுக்கெண்டு ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்தானே."

அது சுருக்கென்று தைத்தது.

யேசுதாசன் டைப் அடித்தார். 'ஷிபின் என்ற பெயரில் எங்கள் ஊழியர் பட்டியலில் எவரும் இல்லை.' இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஃபேக்ஸ் மெஷின் தாளை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது.

நிம்மதி வரும் என்று நினைத்தார். வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆள் அனுப்பி ஷிபினை வரவழைத்தார். முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக வந்து நின்றான்.

"உக்காருடே. உனக்கு ஊருல கேஸு நடக்குதுன்னு எனக்குத் தெரியும். வக்கீலு கடிதம் போட்டிருந்தாரு. இங்க அப்படி ஒரு ஆளே இல்லன்னு எழுதி உன்ன காப்பாத்தியாச்சு."

ஷிபின் உட்காரவில்லை.

"அனுப்பிட்டியளா?"

"காலையிலேயே போயாச்சு. அத விடு. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. கோர்ட்டு வந்து சொல்லித்தான் ஒருத்தன் தகப்பன் ஆகணுமா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா? மாசாமாசம் நீயா பிள்ளைக்கு அனுப்பப் பாரு."

"அனுப்பினேன் அண்ணா. ரெண்டு வருசம். ஒண்ணு விடாம எல்லாம் திரும்பி வந்துட்டு."

"ஏன்?"

"ஒருநாள் குடிச்சிட்டு அவள அடிச்சேன். அவளுக்க இடுப்புல பிள்ள இருந்துச்சு." ஷிபின் தன் கையைப் பார்த்தான். "இந்தக் கையால குடுக்கது எனக்க பிள்ளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டா. நம்ம சர்ச்சு சாமியார் போயிப் பேசியும் கேக்கல்ல."

"பெறவு கேஸு மட்டும் எதுக்கு?"

"நான் குடுத்தா பிச்சையாம். கோர்ட்டு சொல்லி வந்தா அது பிள்ளைக்க உரிமை, அத வாங்கிக்கிடுவேன்னு சாமியார்ட்ட சொல்லியிருக்கா. ஆனா நான் எங்க வேலை பாக்கேன், என்ன சம்பாதிக்கேன்னு கம்பெனி எழுதித் தரணும்னு அவளுக்க வக்கீலு கேட்டாரு."

யேசுதாசனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது.

"எழுதியிருந்தா உனக்க வேலை போயிருக்கும்டே."

"போனா வேற யார்டு அண்ணா. வெல்டருக்கு வேலையா கிடைக்காது? சப்ளை ஆளுக்குப் பேரு எழுதி ஒரு கடிதம் யாரு தருவா?"

ஷிபின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். திரும்பினான். குரலில் கோபம் இல்லை.

"நம்ம ஊருக்காரரு, உள்ளத உள்ளபடி எழுதுவாருன்னு சொல்லி, உங்க பேர அந்த வக்கீலுக்குக் குடுத்ததே நாந்தான் அண்ணா."