உள்ளங்கைக்குள் ஒரு காவியம்

விடிகிற வெளிச்சம் ஓலைச் சந்து வழியாகக் கோடு கோடாக விழுகிறது. இருசம்மாள் ஈர வலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் இடது கை வலைக்குள் புதைந்து, அடியில் ஒளிந்திருக்கும் குருட்டு இங்கிலீஷ்காரனின் வாயைப் பொத்தியிருக்கிறது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய கிழட்டுக் கவிராயன் அவன். ராத்திரியெல்லாம் மனசுக்குள்ளேயே ஒரு பெருங்காவியம் கட்டுவான். விடிந்ததும் அந்த வரிகளை மூன்று முறை வாய்விட்டுச் சொன்னால்தான் நிற்கும், இல்லாவிட்டால் போனது போனதுதான். இன்றைக்குப் பார்த்தா டச்சுக் கோட்டை உலாந்தாக்காரன் சோதனைக்கு வர வேண்டும்? இரண்டு நாட்டுக்கும் சண்டை நடக்கிற நேரத்தில் இங்கிலீஷ்காரனுக்குச் சோறு போட்டவளுக்குத் தூக்குக் கயிறுதான். வாசலில் இரண்டு சிப்பாய்கள். கோட்டைச் சேவகன் அப்பாவு ஈட்டியை வலைக்குள் இறக்குகிறான். கிழவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி முனை மண்ணில் குத்துகிறது. “இன்னாம்மே, உள்ள இன்னா கீது?” “கெளுத்தி மாட்டிக்கினு கீது. கைய வுட்டுப் பாரேன் அண்ணாத்தே, முள்ளு ஏறி மூணு நாளு கத்துவ.” “வாயி மட்டும் கொறையல உனுக்கு,” என்று அப்பாவு சிரிக்கிறான். அவள் உள்ளங்கைக்குள் உதடுகள் ஓயாமல் அசைகின்றன. சூடான மூச்சு, எச்சில், பல். நகம் பதிய அழுத்துகிறாள்.

பூட்ஸ் சத்தம் மணலில் தேய்ந்து, ஏரிப் பக்கம் துடுப்புச் சத்தமாக மாறுகிறது. வலையை விலக்குகிறாள். “போய்ட்டானுங்க. சொல்லு நைனா.” கிழவன் வாயைத் திறக்கிறான். ஒரு சொல் வருகிறது. மறுபடியும் அதே சொல். அப்புறம் ஒன்றுமில்லை. அவன் தடவித் தடவி அவள் கையைப் பிடிக்கிறான். எச்சில் காயாத உள்ளங்கையைத் தன் காதில் வைத்து, மூச்சுவிடாமல் கேட்கிறான்.