தெருமுனை வரை புகை

"ஏம்மா, இது வண்டியா, கொசு மருந்து அடிக்கிற மெஷினா?"

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு மானமே போயிற்று. காலமான மாமனாரின் பழைய ஸ்கூட்டரை ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம்தான். அன்றிலிருந்தே புகை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வித்துடலாம்" என்று கணவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். அவளுக்கு ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வண்டி போனால் வேலையும் போகும்.

அன்றே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரிபிடித்து, எண்ணெயில் குளித்திருந்தது.

"பெட்ரோல்ல எவ்வளவு ஆயில் கலக்குறீங்க?"

"லிட்டருக்கு ஒரு மூடி. நானே அளந்துதான் ஊத்துறேன். ஆமா, எதுக்குண்ணே பெட்ரோல்லயே ஆயில்? மத்த வண்டிக்கெல்லாம் தனியாத்தானே ஊத்துறாங்க?"

"இது டூ ஸ்ட்ரோக்மா. இன்ஜினுக்குள்ள ஆயில் தேங்கி நிக்க இடமே கிடையாது. பெட்ரோல்தான் கையோட கூட்டிட்டுப் போகும். போற வழியில பிஸ்டன், பேரிங் எல்லாத்தையும் நனைச்சிட்டு, கடைசியில தானும் எரிஞ்சு புகையாப் போயிடும்."

"ஊத்தலைன்னா?"

"பிஸ்டன் இறுகிடும். ஓடிக்கிட்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கும். ஆனா உங்க கதை நேர்மாறு. நீங்க சொல்ற அளவுக்கு இவ்வளவு ஆயில் சேராது. உங்களுக்குத் தெரியாம யாரோ டாங்க்ல ஆயில் ஊத்துறாங்க."

யாரென்று அவள் யோசிக்கவே தேவைப்படவில்லை. மாமியார்தான். "உனக்கு எதுக்கு இந்த வண்டி?" என்று முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். தினமும் காலையில் கேட்டருகே நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை முறைக்கிறவர்.

மறுநாள் காலை, குளிக்கப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு ஜன்னலருகே ஒளிந்து நின்றாள்.

மாமியார் துண்டில் சுற்றிய பாட்டிலோடு வந்தார். ஒரு மூடி அளந்து டாங்க்கில் ஊற்றினார். இடக்கை அவருக்கு நீட்ட வராது. அதனால் ஆயில் கலக்க, இடுப்பாலேயே வண்டியை நாலு முட்டு முட்டிக் குலுக்கினார்.

அவள் வெளியே பாய்ந்தாள்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க அத்தை! என் வேலையைக் கெடுக்கணும்னு எத்தனை நாள் திட்டம்?"

"கெடுக்கவா?" மாமியார் பாட்டிலை மறைக்கக்கூட இல்லை. "இந்தக் கை ஏன் நீட்ட வரலைனு என்னிக்காவது கேட்டியா? உன் மாமா ஒருநாள் ஆயில் ஊத்த மறந்துட்டார். பாலத்து இறக்கத்துல சக்கரம் பூட்டிக்கிச்சு. பின்னாடி உக்காந்திருந்த நான் தூக்கி எறிஞ்ச மாதிரி விழுந்தேன். நீ வேற அரக்கப்பரக்க ஓடுறவ. நீயும் மறந்துட்டா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எனக்கென்ன ஞாபகமறதியானு சண்டைக்கு வருவே."

வந்திருப்பாள்தான். கோபம் பாதி இறங்கிவிட்டது. இருந்தாலும் விட மனசில்லை.

"சரி, அப்போ தினம் கேட்ல நின்னு எதுக்கு முறைக்கிறீங்க?"

"முறைக்கிறேனா? கண்ணு சரியாத் தெரியலடி, உத்துப் பாக்குறேன்."

"எதை?"

"உன் பின்னாடி புகை வருதானு. புகை இருந்தா ஆயில் இருக்குனு அர்த்தம். நீ தெருமுனை திரும்புறவரைக்கும் அதைப் பாத்தாத்தான், உள்ள போய் ஒரு வாய் காப்பி குடிக்கவே எனக்கு மனசு வருது."