பன்னிரண்டு இடமும் ஞாபகம்

கிழ அணிலுக்கு எங்கே மறதி வந்துவிடுமோ என்று பயம். மழைக்காலத்துக்காகக் கடலை புதைத்து வைத்த பன்னிரண்டு இடங்களையும் தினமும் காலையில் உரக்க ஒப்பித்து, மூளைக்குப் பயிற்சி கொடுத்தது.

“ஏழாவது இடம் சரியாக் காதில் விழலையே, அண்ணே?” என்றது மேல்கிளைக் காகம்.

“கிணற்றடி வாழைக்குப் பின்னால்! இந்த வயசிலேயே உனக்குக் கவனம் போதலை, தம்பி.”

மழை பிடித்துக்கொண்டது. பசியோடு அணில் பன்னிரண்டு இடங்களையும் தோண்டிப் பார்த்தது. ஒரு கடலைகூட இல்லை.

“என்ன அண்ணே, எல்லாம் போச்சா?” என்றது காகம். அது நன்றாகக் கொழுத்திருந்தது.

அணில் வாலை நிமிர்த்தியது. “கடலை கிடக்கட்டும். ஓர் இடத்தையாவது மறந்தேனா, சொல்லு?”

“உங்க மூளைக்குப் பன்னிரண்டெல்லாம் எந்த மூலைக்கு? அடுத்த வருஷம் இருபது இடத்தில் வையுங்க!”

அதைக் கேட்டதும் அணிலுக்குப் பாதிப் பசி அடங்கிவிட்டது.